முன்பு என்ன சிகிச்சை எடுத்தீர்கள்?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புகைப்பழக்கம் இல்லை. சர்க்கரை இல்லை. கொழுப்பு அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தில் யாருக்கும் இளவயதில் மாரடைப்பு வந்ததில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகாத இளம் மருத்துவர். அவர் படித்த பாடத்தின்படி இந்தப் பெண்ணுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இரத்தசோகையா, மன உளைச்சலா, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லையா என்று யோசிப்பார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவும் கூடும்.

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்திருந்தது. கழுத்திலிருந்து நெஞ்சு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போயே போய்விட்டது. இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்பதால் அவரும் அதைச் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று உயிர் காத்த அதே கதிர்கள் இதயத்தின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறும்போது தழும்பாகி, வால்வுகளிலும் சுண்ணாம்பு படிந்து, இப்போதுதான் மூச்சிரைப்பாக வெளியே தலைகாட்டுகிறது.

நோயாளி கற்பனை, அவருடைய இதயம் கற்பனையல்ல. இப்படிப்பட்ட இதயங்களையும், களைத்துப்போன உடல்களையும், மரத்துப்போன பாதங்களையும் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்த ஊர்களில் ஒன்று நார்வேயின் ஒஸ்லோ. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இளம் மருத்துவர்களுக்குக் கற்பிக்க வேண்டுமென்றால் என்ன கற்பிப்பது என்ற கேள்விக்கு அங்கே ஓரளவு விடை இருக்கிறது.

ஒஸ்லோவின் மேற்குப் பகுதியில் மொன்டெபெல்லோ என்னும் இடத்தில் 1932இல் திறக்கப்பட்டது நார்வே ரேடியம் மருத்துவமனை. இன்று அது ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதி. நாட்டின் வடகோடியிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து சிகிச்சை பெற்றார்கள். 1951இல் நார்வேயின் புற்றுநோய்ப் பதிவகம் தொடங்கியது. நாட்டில் எந்த மருத்துவர் புற்றுநோயைக் கண்டுபிடித்தாலும் அங்கே தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். 1964இல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பதினொரு இலக்க அடையாள எண் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்தபோது நடந்ததுதான் முக்கியம்: சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர் எங்கே போனாலும் தொலைந்துபோவதில்லை. இருபது ஆண்டு கழித்து அவரைத் தேடிக் கடிதம் எழுதி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க முடியும். பெரும்பாலான நாடுகளில் மருத்துவர்களால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிவதில்லை. ஏனென்றால் யாரைக் கேட்பது, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

இப்படிக் கேட்டவர்களில் முன்னோடி சோஃபி ஃபோசோ என்ற ரேடியம் மருத்துவமனைப் பேராசிரியர். அவர் தேர்ந்தெடுத்தது விரைப் புற்றுநோயை. உலகிலேயே இந்நோய் அதிகமாக வரும் நாடுகளில் நார்வேயும் ஒன்று. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் இளைஞர்களை அது தாக்கும். 1970களுக்கு முன்னால் உடலில் பரவிவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். அதை மாற்றியது சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலர் பாக்டீரியாக்களுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு நூல்போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம். செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் புற்றுநோயையும் தடுக்கலாமே என்று அவர் நினைத்தது பலித்தது. 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அந்த மருந்தை வேறிரண்டு மருந்துகளோடு சேர்த்து விரைப் புற்றுநோய்க்குக் கொடுக்கத் தொடங்கினார். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்று நார்வேயில் இந்நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

இருபத்தைந்து வயதில் பிழைத்தவருக்கு இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அந்த ஐம்பது ஆண்டில் என்ன நடக்கும்? 1980க்கும் 1994க்கும் இடையில் நாடெங்கும் சிகிச்சை பெற்ற ஆண்களை ஃபோசோவும் அவருடன் சேர்ந்த பல்கலைக்கழக மருத்துவமனைகளும் 1998 முதல் 2002 வரை தேடிப்பிடித்துக் கேட்டன. 2007இல் மறுபடியும், 2015இல் மறுபடியும் கேட்டன. ஒரே மனிதர்களை இவ்வளவு காலம் விடாமல் பின்தொடர்வதற்கு ஆய்வாளருக்குப் பொறுமை வேண்டும். அதைவிட, பதில் எழுதிக்கொண்டே இருந்த அந்த ஆண்களின் பெருந்தன்மை வேண்டும்.

பதில்கள் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. பலருக்குக் காதில் ஓயாத இரைச்சல். பாதங்களில் மதமதப்பு. குளிர் பட்டால் விரல்கள் வெள்ளை வெளேரென்று வெளுத்து வலிக்கின்றன. ஒஸ்லோவில் நவம்பர் முதல் மார்ச் வரை இது எத்தகைய வாதை என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். சிலருக்கு ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. கீமோ எடுத்துக்கொண்டவர்களுக்கு இருபது ஆண்டு முடிவில் இதய இரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு, அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களைவிடப் பல மடங்கு கூடியிருப்பதை நார்வேயின் ஆய்வு 2010இல் காட்டியது. ஏன் இப்படி? சிஸ்பிளாட்டின் கொடுத்து இருபது ஆண்டுக்குப் பின்னும் இரத்தத்தில் பிளாட்டினம் மிச்சமிருப்பதை டச்சு ஆய்வாளர்கள் 2000இல் கண்டிருந்தார்கள். நார்வே ஆய்வாளர்கள் அதற்கு அடுத்த படிக்குப் போனார்கள். எவருடைய இரத்தத்தில் அந்த உலோகம் அதிகம் தங்கியிருக்கிறதோ, அவருக்கே நரம்பு, காது தொல்லைகளும் கடுமையாக இருந்தன. மருந்து போன பிறகும் அதன் உலோகம் உடலைவிட்டுப் போகவில்லை.

இதில் ஒரு மருத்துவ மாணவர் கற்க வேண்டிய அடிப்படை இருக்கிறது. பிற்காலத் தொல்லை எது வரும் என்பதைப் புற்றுநோயின் பெயர் சொல்வதைவிடச் சிகிச்சையின் பெயர் துல்லியமாகச் சொல்லும். 'மார்பகப் புற்றுநோய் வந்தவர்' என்று ஃபைலில் எழுதியிருந்தால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம், எந்தப் பக்கம் கதிர்வீச்சு, எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த வயதில்? இதுதான் மறுபாதி.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு டாக்ஸோரூபிசின் நல்ல உதாரணம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிற மருந்து. ஒருமுறை ஏறியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். மார்பகப் புற்றுநோய், லிம்ஃபோமா, குழந்தைகளின் பல புற்றுநோய்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். அது செல்லின் மரபிழையின் முறுக்கை நீக்கும் ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டு செல்லைக் கொல்கிறது. அதே குடும்பத்து நொதி இதயத் தசையிலும் உண்டு. தோலோ குடலோ இழந்த செல்களை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். இதயத் தசை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. எனவே ஒவ்வொரு பாட்டிலும் இதயத்தின் கையிருப்பில் சிறிது எடுத்துக்கொண்டு போகிறது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் சேரும்போது நூற்றுக்கு 5 பேருக்கு இதயச் செயலிழப்பு வரலாம் என்றும், 550 ஆனால் அது 26 பேர் ஆகிறது என்றும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒன்றரை மடங்குகூடக் கூடாத மருந்துக்கு ஐந்து மடங்கு கேடு. இன்றைய சிகிச்சையில் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனாலும் ஒருவருக்குக் கொடுத்த மொத்த அளவு எங்கேயும் எழுதப்படாமல் போனால், பத்து ஆண்டு கழித்து அவருக்கு எக்கோ எடுக்க வேண்டுமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று யாராலும் முடிவு செய்ய முடியாது.

கதிர்வீச்சிலும் இதே கணக்கு உண்டு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வின்படி, இதயத்தின் மீது விழும் சராசரிக் கதிர் ஒரு கிரே கூடினால் கடும் இதய நோய் நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடும். இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் தென்படவில்லை. இன்று கதிர்வீச்சுக் கருவிகள் பெரிதும் மேம்பட்டு, இதயத்தை ஒதுக்கிவைத்துக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். ஆனால் 1980களில் சிகிச்சை பெற்றவர் 1980களின் கருவியால் சிகிச்சை பெற்றவர்தான். அவருடைய உடலுக்கு அந்தக் காலத்து அளவுகள்தான் பொருந்தும்.

இனி, ஆய்வகத்தில் அளக்க முடியாத ஒன்று. களைப்பு.

எல்லாருக்கும் வரும் களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்த பின்னும் இருக்கும். காலையில் பல் துலக்குவதே ஒரு வேலையாகத் தெரியும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலிருந்து மீண்டவர்களை ரேடியம் மருத்துவமனையைச் சேர்ந்த யோன் ஹோவர்ட் லோகேயும் குழுவினரும் ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். நோய் தீர்ந்து பல ஆண்டு ஆனவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கும் மேலாக நீடிக்கும் களைப்பு இருந்தது. பொதுமக்களில் அது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். இந்த எண்ணிக்கை ஏன் பெரிய உதவி? அதுவரை அந்த மனிதர்களிடம், 'எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை' என்றே சொல்லி அனுப்பிவந்தார்கள். வேலைக்குப் போக முடியாததற்குச் சோம்பல் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் பேர் வாங்கியவர்களுக்கு, உங்களுக்கு நேர்வது உண்மை, உங்களைப் போல் பலர் இருக்கிறார்கள் என்ற ஒரு சொல்லே பாதி மருந்து. களைப்பைக் கண்டதும் இளம் மருத்துவர் முதலில் தைராய்டு, இரத்தசோகை, இதயம், உறக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகச் சாதாரணம், மாத்திரையில் சரியாகும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஓய்வெடுங்கள் என்று சொல்லக் கூடாது. படிப்படியான உடற்பயிற்சிதான் இதற்கு நல்ல சான்றுள்ள வைத்தியம்.

நார்வேயில் இந்தப் பாடத்தைப் பரப்பியவர் ஒரு மருத்துவர் அல்லர், ஓட்டக்காரர். நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்ற கிரெட்டே வைட்ஸுக்கு 2005இல் புற்றுநோய் வந்தது. 2007இல் அவர் வேறொருவருடன் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை, மருத்துவமனைகளுக்குள்ளேயே நோயாளிகளுக்கான உடற்பயிற்சிக் கூடங்களை அமைத்தது. 2011இல் அவர் இறந்துவிட்டார், கூடங்கள் இருக்கின்றன.

அறிவு இவ்வளவு சேர்ந்துவிட்டது. அது மொன்டெபெல்லோ வளாகத்துக்குள்ளேயே இருந்தால் யாருக்கு என்ன பயன்? ஐம்பத்தைந்து லட்சம் மக்கள் வாழும் நார்வேயில் ஆண்டுக்குச் சுமார் 38,000 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. எப்போதோ புற்றுநோய் வந்து இன்று உயிரோடு இருப்பவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். இவர்கள் அத்தனை பேரையும் வாழ்நாள் முழுக்க ஒரு சிறப்பு மருத்துவமனை பார்த்துக்கொள்ள இயலாது, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ ஆனதும், நோய் திரும்பவில்லை என்று உறுதியானதும், அவர்கள் குடும்ப மருத்துவரிடம் திரும்புகிறார்கள். 2001 முதல் நார்வேயில் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. ஒரு மருத்துவரின் பட்டியலில் சுமார் ஆயிரம் பேர் இருந்தால், மேலே சொன்ன கணக்கின்படி அவர்களில் ஐம்பது பேருக்கு மேல் புற்றுநோயைக் கடந்து வந்தவர்களாக இருப்பார்கள். வாரத்துக்கு ஒருவராவது அவர் முன் வந்து உட்காருவார். பெரும்பாலும் முதுகு வலிக்கோ சளிக்கோ வந்திருப்பார்.

ஆகவே பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது புற்றுநோய் நிபுணராகப் போகிறவரிடம் அல்ல. ஒஸ்லோவில் ஆறாண்டு மருத்துவம் படித்து முடித்தவர் ஒன்றரை ஆண்டு பயிற்சி மருத்துவராக வேலை செய்ய வேண்டும்: பன்னிரண்டு மாதம் மருத்துவமனையில், ஆறு மாதம் ஏதேனும் ஓர் ஊராட்சியின் முதல்நிலைச் சிகிச்சையில். பின்னாளில் கண் மருத்துவராகப் போகிறவரும், எலும்பு மருத்துவராகப் போகிறவரும் இந்த ஆறு மாதத்தைத் தாண்டாமல் போக முடியாது. மீண்டவர்களைப் பார்த்துக்கொள்ளக் கற்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவர் நோயாளி. கடைக்குப் போகும் வழியில் மருத்துவரைப் பார்க்க வருபவர்தான் மீண்டவர். அவரை அவர் வாழும் இடத்தில் பார்த்தால்தான், வேலை என்ன ஆயிற்று, குழந்தை பெற ஆசைப்பட்டாரா, இரவில் தூங்குகிறாரா என்றெல்லாம் கேட்கத் தோன்றும்.

ரேடியம் மருத்துவமனையில் இதற்கென்றே 2000களின் நடுவில் ஒரு தேசிய மையம் உருவாயிற்று. சிகிச்சையின் நெடுங்கால விளைவுகளைப் பற்றி அறிவைச் சேர்ப்பதும், அதை நாட்டின் மற்ற மருத்துவர்களுக்குக் கற்பிப்பதும் அதன் பணி. சோஃபி ஃபோசோவும் சக ஆய்வாளர்களும் தொகுத்த பாடநூல் 2009இல் நார்வே மொழியில் வந்தது; பிறகு திருத்திய பதிப்புகளும் வந்தன. நோயைக் கண்டுபிடிப்பது பற்றியும் தீர்ப்பது பற்றியும் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. தீர்ந்த பிறகு என்ன என்று ஒரு முழுப் புத்தகம், தாய்மொழியில், சாதாரண மருத்துவர் வாசிக்கும்படி வந்தது பெரிய காரியம்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கு விதை போட்டவரும் ஓர் இளம் மருத்துவர்தான். ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்பவருக்கு முப்பத்திரண்டு வயதில் நெஞ்சில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. பிழைத்த அவர் 1985இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், நோயாளி என்றும் குணமானவர் என்றும் மனிதர்களை இரண்டாகப் பிரிப்பது தவறு, இடையில் நீண்ட ஒரு காலம் இருக்கிறது, அதற்கென்று மருத்துவம் இல்லை என்று சொன்னார். இருபது ஆண்டு கழித்து 2005இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட பெரிய அறிக்கையும் அதையே சொன்னது: சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் மனிதர்கள் காணாமல் போகிறார்கள். சிகிச்சை முடியும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிகிச்சைச் சுருக்கமும் இனி என்ன கவனிக்க வேண்டும் என்ற திட்டமும் கொடுக்க வேண்டும் என்று அது கேட்டது.

இளம் மருத்துவர்கள் தடுமாறும் இடம் மருந்தின் அளவில் இல்லை, பேச்சில்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்குப் பிறப்புறுப்பு சுருங்கி, தாம்பத்தியம் வேதனையாகியிருக்கலாம். குடல் தன் கட்டுப்பாட்டில் இல்லாததால் அவர் பேருந்தில் ஏறவே பயப்படலாம். இதை அவராகச் சொல்ல மாட்டார். இருபத்தாறு வயது மருத்துவர் கேட்கவும் மாட்டார். இருவரும் வெட்கப்பட்டு, இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் பிரிந்துவிடுவார்கள். கேட்பது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதற்கு ஒஸ்லோவின் கிழக்கு எல்லையை ஒட்டிய லோரென்ஸ்கூக்கில் உள்ள அகெர்ஸ்ஹூஸ் பல்கலைக்கழக மருத்துவமனை சான்று தருகிறது. அங்கே பணிபுரியும் பல துறை மருத்துவர்களுக்கு வெறும் 20 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி வந்த தொடக்க நிமிடங்களை வீணாக்காதே, அவர் பார்வையில் பிரச்சினை என்ன என்று கேள், அவர் உணர்வைக் கண்டுகொண்டதைக் காட்டு, முடிக்கும்போது அவசரப்படாதே என்ற நான்கு பழக்கங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்கள் நோயாளிகளோடு பேசுவதைக் காணொளியாகப் பதிவு செய்து ஒப்பிட்டதில், பேச்சுத்திறன் கூடியிருப்பது தெரிந்தது. 2011இல் அந்த முடிவு வெளியானது. மிகப் பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'பேசத் தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்குத் தெரியாது' என்று கையை விரிப்பவர்களுக்கு அது போதுமான பதில்.

பேச்சுக்கு இன்னொரு தடை மொழி. ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியான குரூருட் பள்ளத்தாக்கில்தான் ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். எண்பதுகளில் மீன்பிடித் துறைமுகங்களுக்கும் கல்லூரிகளுக்குமாக வந்து சேர்ந்த தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. புற்றுநோய் அதிகம் வரும் வயது. வீட்டில் நார்வே மொழி சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் பிள்ளைகள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், அம்மா சொல்வதை நார்வே மொழியில் சொல்வதும் பிள்ளையின் வேலையாகிவிடுகிறது. இடுப்பில் கதிர்வீச்சு பெற்ற ஒரு தாய், மகனின் முன்னால் எதைச் சொல்வார்? 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவைப்படும் இடத்தில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பொதுச் சேவை நிறுவனமே வரவழைக்க வேண்டும் என்கிறது; சிறார்களை அதற்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. வளர்ந்த பிள்ளைகளாயிருந்தாலும் அவர்களை வெளியே உட்கார வைக்கும் துணிவு இளம் மருத்துவருக்கு வேண்டும். இதையும் யாராவது கற்றுக்கொடுத்தால்தான் வரும்.

நார்வேயைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமல்ல. 2023இல் அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடும்ப மருத்துவர் கிடைக்காமல் காத்திருந்தார்கள். குழந்தைப் பருவத்தில் லிம்ஃபோமாவுக்குச் சிகிச்சை பெற்று வளர்ந்தவர்களை ரேடியம் மருத்துவமனை அழைத்துக் கேட்டபோது, தங்களுக்கு என்ன பிற்கால ஆபத்து இருக்கிறது என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. இவ்வளவு பதிவேடு வைத்திருக்கும் நாட்டிலேயே இப்படி. சிகிச்சை நடந்தபோது அவர்கள் குழந்தைகள். பேசியதெல்லாம் அப்பா அம்மாவிடம். பிள்ளை வளர்ந்து பதினெட்டு வயதானதும் அவரிடம் நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற சிறுமிக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, மரபணுக் கோளாற்றால் அந்நோய்க்கு ஆளாகும் குடும்பத்துப் பெண்களின் வாய்ப்புக்கு ஒப்பானது. அவருக்கு இருபத்தைந்து வயதிலேயே மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டும். ஐம்பது வயதில் எல்லாரையும் அழைக்கும்போது அழைத்தால் காலம் கடந்திருக்கும்.

நம் ஊர் நிலை என்ன? பொருள் இல்லை, ஆள் இல்லை என்று தொடங்காமல் இருப்பதைச் சொல்கிறேன். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். புற்றுநோய் மருந்தியலுக்கான உயர்பட்டப் படிப்பு இந்தியாவில் முதன்முதலாக 1984இல் அங்கேதான் தொடங்கியது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடும் நாற்பது ஆண்டுகளாக அங்கே நடந்துவருகிறது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில், குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென்றே 1991இல் தனி வெளிநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒஸ்லோவின் தேசிய மையத்துக்கும் முந்தையது அது. ஆக, யோசனை நமக்குப் புதிதல்ல. அது பெருநகரத்துச் சிறப்பு மருத்துவமனையின் வாசலைத் தாண்டி வரவில்லை என்பதுதான் குறை.

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர் ஓராண்டில் பல துறைகளிலும் சுற்றிவருகிறார். சமுதாய மருத்துவத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில வாரங்கள் இருக்கிறார். நார்வேயின் ஆறு மாதத்துக்கு நம்மிடம் உள்ள இணை அந்தச் சில வாரங்கள்தான். அங்கே காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வருபவர்களில் மார்பகம் எடுத்தவர்கள், வாய்ப்புற்றுக்குத் தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்கள் கட்டாயம் இருப்பார்கள். 'பதினைந்து வருசத்துக்கு முன்ன கரண்டு வெச்சாங்க' என்று ஒரு பாட்டி சொன்னால் அது கதிர்வீச்சு என்று அந்த இளைஞருக்குப் புரிய வேண்டும். தாடையில் கரண்டு வைத்தவருக்குப் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகக்கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கியிருந்தால் அதை வயதுக்கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு பிற்பகல் வகுப்பும், மீண்டவர்கள் இரண்டு மூன்று பேர் நேரில் வந்து பேசும் ஒரு மணி நேரமும் இருந்தால் இதில் பெரும்பகுதியைக் கற்பித்துவிடலாம். பெரிய செலவில்லை. மருத்துவக் கல்லூரிகள் இதைச் செய்யாமலிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் சிலர், அல்லது உங்கள் வீட்டில் ஒருவர், புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவராக இருப்பீர்கள். மருத்துவக் கல்லூரி மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் போய், ஒரே தாளில் ஐந்து விவரங்களை எழுதித் தரும்படி கேளுங்கள்: நோயின் பெயரும் கண்டுபிடித்த தேதியும், செய்த அறுவை, ஏறிய மருந்துகளின் பெயரும் ஒவ்வொன்றின் மொத்த அளவும், கதிர்வீச்சு பட்ட இடமும் அளவும், இனி எந்தப் பரிசோதனையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது. பழைய ஃபைல்களைப் பல மருத்துவமனைகள் சில ஆண்டுகளில் அப்புறப்படுத்திவிடும். ஆகையால் இந்த மாதமே போங்கள். அந்தத் தாளைப் படியெடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றை உங்கள் ஊர் மருத்துவரிடம் கொடுங்கள். பல் பிடுங்கப் போனாலும், மூச்சு வாங்குகிறது என்று போனாலும், அவர் கேட்காவிட்டாலும் அதை எடுத்து மேசையில் வையுங்கள்.